மரிவிக்கின் கழுத்தில் இறங்கிய கோடு

திங்கட்கிழமை, காலை 6.20. கண்ணாடியைப் பார்த்து மரிவிக் போட்ட அலறலில், கிமாராஸ் தீவின் அந்தத் தெருவே காப்பியைக் கீழே வைத்தது. கன்னம் முழுக்கக் கொப்புளம். மே மாதச் சிலுவை ஊர்வலத்தில் அவள், சிலுவையைக் கண்டெடுத்த ராணி எலேனாவாக வேஷம் கட்டி நடக்க ஆறே நாள்தான் பாக்கி.

7.00. தெருவின் ஒரே மருந்துக்கடை வாசலில் கூட்டம்.

"நீ வித்த அசெலாயிக் களிம்புதான்டி மூஞ்சியைப் பொசுக்கிடுச்சு!" என்று முன்னால் நின்று கத்தினாள் தையற்காரி ரொசால்டா. சாயங்காலத்துக்குள் கடைக்குப் பூட்டு என்றார் ஊர்த் தலைவர். அந்தக் கடையை நம்பித்தான் கடைக்காரி நோரா மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள்.

விஷயம் மருத்துவச்சி செலெஸ்தினாவின் காதுக்கு எட்ட ஐந்து நிமிடம் ஆயிற்று. யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியாமல் தூங்காத அம்மாளுக்கு அது தாமதம்தான்.

7.40. மரிவிக் வீடு.

"களிம்பு எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் அக்கா. பருத் தழும்பு கறுத்து நின்னுது, அதுக்கு. முதல்ல லேசா அரிச்சுது. அப்புறம் ஒண்ணுமில்ல."

"எங்கெங்க போடுவ?"

"கன்னத்துல மட்டும்."

செலெஸ்தினா அவள் தாடையைத் தூக்கினாள். சிவந்த கோடு ஒன்று கழுத்தில் வழிந்து தோள்வரை இறங்கியிருந்தது.

"எரிச்சல் எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"முந்தாநாள்?"

"மத்தியானம் ஒத்திகை, ரெண்டு மணி நேரம் வெயில்ல. கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். யாரோ ஈரத்துண்டால துடைச்சாங்க. எலுமிச்சை வாசனை."

8.30. செலெஸ்தினா ரத்த அழுத்தக் கருவியோடு கடை வாசலில் உட்கார்ந்தாள். இலவசம் என்றதும் கத்திய வாயெல்லாம் வரிசையில் நின்றது. ஒன்பது கைகள் வந்தன, போயின. பத்தாவது ரொசால்டாவுடையது.

"என்னடி, கையெல்லாம் பழுப்புத் திட்டு?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டுது."

"விரலிடுக்குலயுமா?"

ரொசால்டா கையை இழுத்தாள். செலெஸ்தினா விடவில்லை.

"களிம்பு பூசின இடத்துல நிக்கும், கழுத்துல வழியாது. வழிஞ்சது சாறு. எலுமிச்சை பட்ட தோல்ல வெயில் அடிச்சா, ஒருநாள் கழிச்சுத்தான் வெந்து கிளம்பும். அதான் யாருக்கும் சனிக்கிழமை ஒத்திகை ஞாபகம் வரல. பிழிஞ்ச கையையும் அது விடாது, ரொசால்டா."

"ஆமா, நான்தான்! போன வருஷம் ராணி வேஷத்துக்கு என் மகளைக் கறுப்பின்னு கழிச்சுக் கட்டினப்போ இந்த மரிவிக் சிரிச்சா. சிரிச்ச மூஞ்சி கறுக்கட்டும்னுதான் செஞ்சேன்!"

தலைவர் பூட்டைப் பைக்குள் தள்ளினார். கடைக்குள்ளிருந்து நோரா நிதானமாக இறங்கி வந்தாள்.

"கொப்புளம் ஆறினதும் மரிவிக் அதே களிம்பைப் போடட்டும், காசு வேண்டாம். உன் கைக்கும் மருந்து அதுதான் ரொசால்டா. ஆனா உனக்கு இங்க கிடையாது. அக்கரையில இலோயிலோ டவுன்ல போய் வாங்கிக்கோ, படகு உச்சிவேளைக்கு. வெயில் ஜாஸ்தி, கையை மூடிக்கிட்டுப் போ."