கன்னத்து ஸ்லைடு

ஒளிரக் கூடாத ஸ்லைடு ஒளிர்ந்தது.

நுண்ணோக்கி அறைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். வெளியே உச்சி வெயில் கொளுத்த, ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளுக்கு இந்தப் பக்கம், விளக்குப் பெட்டியின் முனகலுக்கும் சூடேறிய தூசி வாடைக்கும் நடுவே அந்த ஆராய்ச்சி மாணவி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கருவிலுள்ள செல்களைக் கண்ணாக மாறச் சொல்லி உத்தரவு போடும் புரதம் ஒன்று உண்டு. அவள் குப்பியிலிருந்து ஸ்லைடில் சொட்டும் ஆன்டிபாடி அதைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பச்சையாகத் தெரியும். மீன் கருவில் தெரிய வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும், அந்தப் புரதம் இல்லாத ஸ்லைடு இருட்டாக இருக்க வேண்டும். அந்த ஸ்லைடுக்குத் தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டித் தடவியிருந்தாள். சோம்பேறித்தனம்தான், அங்கே எல்லோரும் செய்வதுதான்.

“அக்கா, ஆன்டிபாடி கெட்டுப்போச்சு போல. அடுத்த வாரம் ஆய்வேடு குடுக்கணும். அஞ்சு வருஷமும் மண்ணாப் போயிடும்.”

“புலம்பாத. புதுக் குப்பி இருக்கு,” என்றாள் ஆய்வகத்து மூத்த உதவியாளரான அந்த அக்கா. “என் கன்னத்தையும் சேத்துப் போடு.”

மறுநாள் அக்காவின் ஸ்லைடு கும்மிருட்டு. அவளுடையது நேற்றைவிடப் பச்சை. அதுவும் சிதறலாக அல்ல. வட்டமாக.

ஆய்வேட்டுக் கவலை அந்த நிமிடமே போயிற்று. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

“வலிக்குதா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. ரெண்டு நாளா கூசுது. சாப்பிடும்போது தூசி விழுந்த மாதிரி உறுத்துது.”

“கண்ணுலயா?”

“கன்னத்துல.”

அக்கா கைபேசி விளக்கைப் போட்டாள். “திற, பாக்கலாம்.”

அவள் திறக்கவில்லை. நாக்கு மட்டும் மெதுவாக அங்கே போனது. பட்டாணி அளவு மேடு. மேலே மெல்லிய தோல். தோலில் ஒரு பிளவு. நாக்கு பட்டதும் அது சுருங்கியது.

பயத்தில் இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். இருட்டு. விளக்கு இல்லை. அக்கா இல்லை.

“திறம்மா.”

வாயை மட்டும் திறந்தாள்.

முதலில் பற்கள் தெரிந்தன. தன் பற்களின் பின்புறம். அதற்கு அப்பால் கூசும் வெளிச்சம். அதற்கும் பின்னால், சுவரோடு ஒட்டிப் பின்வாங்கும் அக்காவின் முகம்.

கண்கள் இரண்டும் இன்னும் மூடியே இருந்தன.