சாலை உலர்ந்திருந்த விடுமுறை

காலை நான்கு ஐம்பதுக்கு எழுகிறேன். குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும். முந்தைய நாள் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரின் மேல் ஒரு தட்டளவு பனிக்கட்டி மிதக்கும். கரண்டிக் காம்பால் தட்டினால் உடையும். ஒரு டம்ளர் மொண்டு கொதிக்கவைத்துத் தேயிலை போடுகிறேன். பால் வாங்குவதில்லை. இரண்டு ஜோடி காலுறை, ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர். ஐந்து பத்துக்குச் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பெட்டி பேசும்.

“மேலட்டி வட்டாரம். இன்னைக்கு ஸ்கூல் உண்டு. கரும்பாறை வளைவுல பஸ் உருட்டிக்கிட்டுத்தான் வரும், பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிடுங்க. புள்ளைங்க காத மூடி அனுப்புங்க.”

பக்கத்து வீட்டுத் தர்ஷினியக்கா சுவருக்கு அப்பாலிருந்து பதில் சொல்வார். “சரி கண்ணு.” தினமும் சொல்வார். பெட்டிக்குக் காது கிடையாது என்பது அவருக்குத் தெரியும். வட்டாரத்தில் மூவாயிரத்து நூறு பள்ளிக் குழந்தைகள். அத்தனை வீடுகளிலும் ஐந்து பத்துக்கு இந்தக் குரல்தான்.

அது என் மனைவி எழினியின் குரல். அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

வானில் நிழற்படலத்தை விரித்தபோது எனக்கு ஆறு வயது. வெயில் குறைந்தது, சமவெளி பிழைத்தது, மலை உறைந்தது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை எங்கள் சாலைகளில் கண்ணுக்குத் தெரியாத பனித்தோல் படிகிறது. பள்ளி உண்டா இல்லையா என்பதை முதலில் சமவெளியில் இருந்த ஓர் இயந்திரம் உணரிகளைப் பார்த்து முடிவுசெய்தது. ஒரு நாள் அது உண்டு என்றது. கரும்பாறை வளைவில் பஸ் சறுக்கியது. அதன் பிறகு வந்ததுதான் நின்றவர் விதி: ஒரு சாலையில் நின்று பார்த்த கால் மட்டுமே அந்தச் சாலையைப் பற்றி முடிவு சொல்லலாம். வட்டாரத்துக்கு ஒரு பனித்தீர்ப்பாளர் வந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் ‘லீவு மேடம்’.

எழினி ஏழு குளிர்காலம் லீவு மேடமாக இருந்தாள். தீர்ப்பாளர் பணியகம் கொடுத்த முள் பதித்த பூட்ஸ் பரணில் கிடந்தது. அவள் அணிந்தது பள்ளிகளில் இலவசமாகத் தரும் கறுப்பு ஷூ. “வழுக்கப்போற குழந்த இதத்தானே போட்டிருக்கும்?” என்பாள். வளைவு, தடுப்பணைப் பாலம், பள்ளி வாசல் சரிவு. மூன்று இடத்திலும் இறங்கி, குதிகாலை ஊன்றி, அரை வட்டம் திரும்பிப் பார்ப்பாள். பிறகு ரேடியோவில் பணியகத்துக்கு ஒரு வாக்கியம் சொல்வாள்.

அந்த ஏழு குளிர்காலத்தின் காலைகளையும் பேச்சையும் கொண்டு அவளுக்கு ஒரு நகல்மதி செய்தார்கள். பணியகத்தில் அதை ‘மாடல்’ என்கிறார்கள். நின்றவர் இறந்துவிட்டால் அவருடைய நகல்மதியும் சாலையில் நின்று பார்த்ததாகவே கொள்ளப்படும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வாரிசின் கையெழுத்து வேண்டும். இரண்டு முறை போட்டேன். முதல் முறை எதையும் படிக்கவில்லை. படித்திருந்தால் உறவு விலக்கு என்ற பத்தியைப் பார்த்திருப்பேன். இறந்தவரின் உறவினர் நகல்மதியுடன் பேசக்கூடாது. துக்கம் கேட்கும் கேள்விகள் அதன் தீர்ப்பை வளைத்துவிடுமாம். நியாயமான விதி.

போஜன் பேசலாம். பேசியே ஆகவேண்டும், அவருக்கு அதுதான் வேலை. முன்பு எழினிக்கு ஜீப் ஓட்டியவர். இப்போது அதே கறுப்பு ஷூவில் பெரிய அளவு வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று இடத்திலும் அவரே நிற்கிறார். திரும்பி வந்து மாடலிடம் சொல்கிறார். அவர் தீர்ப்பாளர் இல்லை; அதுதான் கேள்வி கேட்கிறது, முடிவு சொல்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை பணியகத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று நினைவில்லை. கதவு சாத்தியிருந்தது.

“என்ன போஜண்ணா, குதிகால் ஊனிப் பாத்தீங்களா, இல்ல ஜீப்புல இருந்தே எட்டிப் பாத்தீங்களா?”

“அம்மா தாயே, இறங்கித்தான் பாத்தேன்.”

“மூக்கு ஒழுகுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மொதல்ல சுடுதண்ணி குடிங்க.”

அவர் சிரித்தார். நான் கதவைத் தட்டாமல் திரும்பினேன். அந்தச் சிரிப்பு வீடுவரை கூடவே வந்தது. அவள் அண்ணா என்றுதான் அழைத்தாள், கேட்டேன். அதனால் எதுவும் குறையவில்லை. எனக்கு அவள் சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லி நாளாகிறது. இவருக்கு நாளைக்கும் சொல்வாள்.

இந்த ஜனவரியில் குரல் தடுமாறத் தொடங்கியது. “ரோடு வழுக்குது. ஸ்கூல் லீவு” என்று சொல்லும். வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தால் சாலையில் அப்பளம் காயப்போடலாம். ஐந்து முறை அப்படி நடந்தது. விடுமுறை என்றால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவு இல்லை. நான் அந்த ஐந்து நாளும் எரிச்சலோடு வெறும் பள்ளிக்கு நடந்துபோய் நோட்டுத் திருத்தினேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் உண்மையாகவே பனித்தோல் படிந்தது. குரல் விடுமுறை என்றது. தோட்டத்துக் குடியிருப்பில் யாரும் நம்பவில்லை. வாசல் சரிவில் ஜெனிலா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒன்பதாம் வகுப்பு, என்னிடம் கணக்குப் படிக்கிறாள்.

மாவுக்கட்டோடு வந்தவளிடம் கேட்டேன். “அன்னைக்கு ஏன் வந்தே? லீவுன்னு சொன்னாங்கல்ல?”

“அம்மா நம்பல சார். அஞ்சு தடவ பொய் சொன்னாங்கல்ல?”

பின்னாலிருந்து ஒருத்தி அவள் முதுகில் கிள்ளினாள். “ஏய், அது சாரோட வீட்டுக்காரம்மாடி.”

சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் அடுத்த கணக்கை எழுதினேன்.

சனிக்கிழமை மதியம் போஜன் வரச்சொன்னார். அறையில் சூடேற்றி ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் எழினியின் ஷூ இருந்தது. யாரோ பாலிஷ் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. பால் ஊற்றிய டீ கொடுத்தார்.

“மாடல்ல ஒரே ஒரு காலை கெட்டுப்போயிருக்கு, மாறன் சார்,” என்றார். “அவங்க மூணாவது குளிர்காலம், ஜனவரி இருபத்தொண்ணு. மைனஸ் ரெண்டு, காத்து இல்ல, வானம் சுத்தம், ரோட்டுல பொட்டு ஈரம் இல்ல. வழுக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அந்த மாதிரி வானிலை ஏழு வருஷத்துல அன்னைக்கு மட்டும்தான் வந்திருக்கு. இந்த ஜனவரில அஞ்சு தடவ வந்துடுச்சு. மாடல் பாவம், அவங்க சொன்னத நம்புது.”

“எழினி தப்பா சொல்லமாட்டா.”

“தப்பா சொல்லல சார்.” டம்ளரைக் கையில் உருட்டினார். “பொய் சொல்லியிருக்காங்க. அவங்க ஷூவுல பணியகம் வச்ச காலடிமானி இருக்குல்ல? அன்னைக்கு அது அசையவே இல்ல. அவங்க ரோட்டுக்கே போகல.”

“அப்ப எங்க போனா?”

அவர் குனிந்து சூடேற்றியைக் குறைத்தார்.

“அன்னைக்கு ஜீப் ஓட்டினது யாரு?”

“நான்தான் டூட்டி.”

“அவள எங்க கூட்டிட்டுப் போனீங்க?”

சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. போஜன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது இரக்கம். கோபப்பட்டிருக்கலாம்.

“உயிரோட இருந்தப்ப பேசின ரேடியோ பதிவு மாடல் ஆகாது. அதக் கேக்க உங்களுக்குத் தடையில்ல,” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

இரைச்சல். பிறகு அவள். பெட்டியில் வருவதைவிட வேகமான குரல். கிசுகிசுப்பாக இருந்தது.

“போஜண்ணா, ஜீப்ப எடுக்க வேணாம். நானே நடந்து போய்ப் பாத்துட்டேன். ரோடு வழுக்குது. லீவு போட்டுடுங்க.”

அவள் பேச்சுக்குப் பின்னால் வேறொரு சத்தம். மரம் அறுப்பதுபோல் ஏறி இறங்கியது.

“இது என்ன சத்தம்?”

“குறட்டை சார்.”

“யாரோடது?”

போஜன் சிரித்ததில் டீ மேசையில் சிந்தியது. “மேடம் நினைவுக் கூட்டத்துல முன்வரிசைல உக்காந்து தூங்கினீங்களே, அன்னைக்கு ஊரே கேட்டுது. உங்களுக்கு மட்டும் தெரியல பாருங்க.”

திரும்பவும் போடச் சொன்னேன். குறட்டையை மட்டும் கேட்டேன்.

திருமணமாகி மூன்றாம் மாதம் அது. அப்போது எனக்குச் சேலத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு நாள்தான் மேலட்டி. ஜனவரி இருபத்தொன்று காலை ஆறு மணிப் பஸ்ஸில் நான் திரும்பவேண்டியவன். பள்ளிக்கு விடுமுறை விட்டால் மலைப் பஸ்களும் ஓடா. ஒரே விதிதான் இரண்டுக்கும். “பஸ் இல்ல, தூங்கு” என்று அவள் போர்வைக்குள் வந்தது நினைவிருக்கிறது. அவள் பாதம் சூடாக இருந்தது. கரும்பாறை வளைவில் நின்று வந்த பாதம் அப்படி இருக்காது. எனக்கு அது அன்று தோன்றவில்லை. ஒன்பது மணிவரை தூங்கினேன்.

மூவாயிரத்து நூறு குழந்தைகளை வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள்.

“உங்களுக்கு இது எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“அன்னைக்கே சந்தேகம்தான். குறட்டையோட ஒரு ரோடு நான் பாத்ததில்ல.” தாளை என் பக்கம் நகர்த்தினார். “பதிவு பத்திரமா இருக்கும் சார். மாடல்ல இருந்து மட்டும் அந்தக் காலைய எடுத்துடுவோம். உங்க கையெழுத்து இல்லாம தொடமுடியாது.”

அவருக்கு அவளுடைய எல்லாக் காலைகளும் இருக்கின்றன. எண்ணூறுக்கு மேல். புதிதாகத் தினம் ஒன்று சேர்கிறது. அவற்றில் ஒன்றே ஒன்று என்னுடையது. அதைத்தான் கேட்கிறார். கொடுக்காமல் எழுந்து போயிருக்கலாம். உலர்ந்த குளிர் வரும்போதெல்லாம் அவள் ஊரறிய எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த ஜனவரியில் ஐந்து முறை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறாள். ஐந்து முறையும் நான் கிளம்பிப் போய்விட்டேன்.

ஜெனிலா இடக்கையால் எழுதிய கூட்டல் குறி நினைவுக்கு வந்தது. பெருக்கல் போலச் சாய்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வாசல்வரை வந்த போஜன் குரலைத் தாழ்த்தினார். “விதி கிடக்கட்டும். அவங்ககிட்ட எதாச்சும் சொல்லணும்னா எங்கிட்ட சொல்லுங்க, நாளைக்குக் காலைல சொல்லிடுறேன்.”

“வேண்டாம்,” என்றேன். பதிலையும் அவர்தானே கேட்பார்.

பதினொரு நாள் கழித்து அந்த வானிலை மீண்டும் வந்தது. மைனஸ் இரண்டு, காற்றில்லை, வானம் சுத்தம். நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பனிக்கட்டியை உடைத்தேன். அடுப்பைப் பற்றவைக்காமல் பெட்டியின் கீழே போய் நின்றேன்.

“மேலட்டி வட்டாரம். இன்னைக்கு ஸ்கூல் உண்டு. ரோடு நல்லா காஞ்சிருக்கு. புள்ளைங்க காத மூடி அனுப்புங்க.”

“சரி கண்ணு,” என்றார் தர்ஷினியக்கா.

சரியான தீர்ப்பு. அன்று பிள்ளைகளுக்குப் பொங்கல் போட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். நகல்மதி இனிப் பொய் சொல்லாது. எழினியைவிட அது நல்லவள்.

அவள் சொல்லாத வாக்கியங்கள் இப்போது நாளுக்கு நாள் கூடுகின்றன. லீவு மேடம் அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்க என்று கடையில் பேசுகிறார்கள். அதனால் ஒன்றை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். அது எந்தப் பதிவிலும் இல்லை. போஜனுக்கும் தெரியாது.

சமவெளி மருத்துவமனையில் நான்காவது நாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. விடிந்துகொண்டிருந்தது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். மற்றொரு கையால் முகமூடியை விலக்கினாள். ஜன்னலுக்கு வெளியே புழுதிபடிந்த வேப்பமரம். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, இங்கே ஏது பனி என்று சிரித்துவிட்டுப் போனேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது.

அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது:

“ரோடு வழுக்குது மாறா. போகாத.”