ஆறாத படுக்கை

படுக்கை சூடாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். சோலையப்பனுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அலுத்த உடம்பை அந்தச் சூட்டிலேயே கிடத்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

பாவம், பழக்கம் அப்படி. சவுதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்பில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஹஸ்னைனுக்குப் பகல் டூட்டி, இவனுக்கு நைட். டூட்டி முடிந்து வந்தவன், படுத்திருப்பவனின் கால் கட்டைவிரலை ஒருதரம் அழுத்துவான். படுத்திருப்பவன் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். ‘ஆஜா பாய்’, வா அண்ணே, என்று ஒரு முனகல்; வேறு பேச்சே கிடையாது. கல்ஃபுக்கு வந்த நாளிலிருந்து சோலையப்பன் ஆறின படுக்கையில் படுத்ததே இல்லை.

அந்த எரிச்சல்தான் அவனை இங்கே கொண்டுவந்து விட்டது. யான்புவில் ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்; அது முடிந்து லீவு கிடைத்ததும் மற்றவர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்ப, அவன் மட்டும் ஷேர் டாக்ஸி பிடித்து இந்த எரிமலைக் காட்டுக்கு வந்தான். எரிமலை என்றால், எந்தக் காலத்திலோ குமுறி அடங்கியது. கண்ணுக்கு எட்டின தூரம் கன்னங்கரேலென்று உறைந்த பாறை. குளிர்காலத்தில் அதைப் பார்க்க முதுகுப்பையோடு வருகிறவர்களுக்காக யாரோ மலிவாக ஒரு ஹாஸ்டல் நடத்துகிறார்கள். சோலையப்பனுக்குப் பாறையும் வேண்டாம், படமும் வேண்டாம். யாரும் எழுப்பாத ஒரு தூக்கம் வேண்டும். தனக்கே தனக்கென்று ஒரு கட்டில் வேண்டும். அந்த ஆசை அவனுக்குப் பசி மாதிரி வயிற்றிலேயே இருந்தது.

ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர். தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“இந்த வெயில்ல ஈ காக்கா வராது தம்பி. ரூம் பூராவும் உங்களுக்குத்தான்.”

அடுக்குக் கட்டில்களெல்லாம் ரோடு போட்ட ஆட்களின் கேம்ப் ஒன்றை மூடியபோது சல்லிசாக வாங்கியவை என்றும், பிறகு வந்து டீ தருவதாகவும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெளியே பட்டப்பகல். உள்ளே கனத்த திரைகளை இழுத்துவிட்டதில் கும்மிருட்டு. ஏசி இருமி இருமி ஓடியது. வெயிலில் காய்ந்த கல்லின் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாகக் கசிந்துவந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு வாசனையோடு கலந்தது: வியர்வை, கிரீஸ், வலிக்குத் தேய்க்கும் தைலம், நாள்கணக்கில் கழற்றாத சேஃப்டி ஷூ. கேம்ப் வாசனை. அது கூடக் கூட அவனுக்குத் தூக்கம்தான் வந்தது. அரைத்தூக்கத்தில் புரண்டு படுத்தபோதுதான் உறைத்தது. யாருமே தங்காத அறையில் இந்தச் சூடு யாருடையது?

எரிமலை பூமி, அடியில் அனல் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். படுத்திருந்ததோ மேல்கட்டிலில். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. கையை நீட்டி விரிப்பைத் தடவினான். நடுவில், ஒரு ஆள் படுத்த அளவுக்கு, ஈரம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படவும் தெம்பு வேண்டுமே. எவனோ படுத்துவிட்டுப் போயிருக்கிறான், போகட்டும் என்று விட்டுவிட்டான். அப்படியே தூங்கியும் போனான்.

கட்டைவிரலை யாரோ அழுத்தினார்கள்.

உடம்பு தானாக எழுந்தது. தலையணை கக்கத்துக்குப் போனது. “ஆஜா பாய்,” என்று முனகியபடி ஏணியில் இறங்கினான். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. பாரம் ஏறிய சத்தம். யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

கால் தரையில் பட்டது. தரை சில்லென்றிருந்தது.

ஹஸ்னைன் ஜுபைலில் இருக்கிறான்.

திரும்பிப் பார்க்கவில்லை. கதவு எங்கே? கையை நீட்டினான். துணி. துணிக்குள் ஒரு தோள். அதற்கு அடுத்து இன்னொரு தோள். அசையவில்லை. மூச்சும் இல்லை. சுவரை ஒட்டிக் கதவு வரைக்கும் ஆட்கள். ஒவ்வொரு கக்கத்திலும் ஒரு தலையணை.

“அவசரப்படாதீங்க,” என்றது காதருகே ஒரு குரல். சலித்துப்போன தமிழ்க் குரல். “கட்டிலுக்கு நாங்க உங்களுக்கு முந்தியே நிக்கிறோம்.”

கதவு திறந்தது. வெளிச்சத்தோடு கௌஸ் முகம்மது டீ டம்ளருடன் உள்ளே வந்தார். சோலையப்பன் கத்தினான். கத்தியது அவன் காதுக்கே கேட்கவில்லை. அங்கே யாருமே இல்லாத மாதிரி அவனை உரசிக்கொண்டு போனவர், கட்டிலருகே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, டீ குடிச்சிட்டுப் படுங்களேன்.”

மேலே படுத்திருந்தவன் புரண்டு முகத்தைக் காட்டினான். சோலையப்பனின் முகம். தூங்கித் தெளிந்த, அலுப்பே இல்லாத முகம்.

“இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிக்கிறேன் பாய்,” என்றான், சோலையப்பனின் குரலிலேயே.

சிரித்துக்கொண்டே கௌஸ் முகம்மது கதவைச் சாத்தினார். இருட்டில் வரிசை லேசாக நகர்ந்து, சுவரோரம் அவனுக்கும் இடம் விட்டது.