எட்டாவது அடி

எட்டாவது அடியைக் காணோம்.

காலையில்தான் தமிழ்வாணி அதை ஒட்டியிருந்தாள். தாளம் எட்டில் சுற்றி வர வேண்டும்; கையில் இருந்ததோ ஏழு அடி. ஏழாவதையே நகலெடுத்துக் காலி இடத்தில் வைத்து, நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து லேப்டாப்பில் ஓட்டினால் டங், டங் என்று ஏழுதான் விழுந்தது. எட்டாவது இடத்தில் பழையபடி ஓட்டை.

சேமிக்க மறந்திருப்போம் என்று மறுபடி ஒட்டினாள்.

வண்டியூரில் மொக்கைச்சாமியின் மைக்செட் குடோன் அது. மத்தியான வெயிலில் தகரக் கூரை முறுகிச் சடசடக்க, ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ்களிலிருந்து சுட்ட ரெக்சின் வாடையும் போன வாரத் திருவிழாப் புழுதியும் மூக்கில் ஏற, ஹெட்போனுக்குள் அந்த ஏழு அடியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

மதுரையில் பாதி டி.ஜே.க்கள் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் பாட்டை இறக்கி, ஒரே உறுமியை அடியில் கோத்து ஓட்டுகிறவர்கள். புதுசு வேண்டுமென்றால் அடுத்தவன் நிகழ்ச்சிக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துப் பாட்டின் பெயரைக் களவாடி வருவார்கள். தமிழ்வாணியும் டி.ஜே.தான்; ஆனால் அவள் ரெக்கார்டரோடு வேலை நடக்கிற இடங்களுக்குப் போவாள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கொல்லுப்பட்டறை. பாடுபடுகிற கைக்குத் தாளம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

இந்த ஏழு அடியும் கொட்டாம்பட்டிப் பக்கம் மூடிக்கிடக்கும் கல்குவாரியில் கிடைத்தவை. பள்ளத்தின் எதிரொலியைப் பிடிக்க ரெக்கார்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, மேலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஓட்டியபோது, இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். ஆடு மேய்க்கிறவர் யாராவது தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். அந்தக் குவாரியில் வேட்டு வைப்பதற்கு முன் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். ஏறியவர் ஒவ்வொருவரும் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒரு தரம் அடிக்க வேண்டும். எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை அடி விழுந்தால்தான் திரியில் நெருப்பு. இருபது வருசத்துக்கு முன் ஒருநாள் எட்டுப் பேர் இறங்கினார்கள். எட்டு அடி விழுந்தது. வேட்டும் வெடித்தது. எட்டாவது ஆளான அவள் அப்பா கண்ணுச்சாமி மட்டும் மேலே வரவில்லை.

அவர் எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டதாகக் குவாரி முதலாளி சொன்னார். ஊரும் சொன்னது. அவசரத்தில் எட்டாவது அடியை முதலாளியே அடித்தார் என்பதை, அன்று ஏறி வந்த ஏழு பேரில் ஒருவர் சாகக் கிடந்தபோதுதான் வாய்திறந்து சொன்னார். அதுவரை தமிழ்வாணி ஓடிப்போனவன் மகள்.

இன்று சாயங்காலம் அந்த முதலாளியின் புது மண்டபத் திறப்பு விழா. ஊர் கூடிய இடத்தில் அவர் காதில் இந்தச் சத்தம் விழ வேண்டும். அதற்காகத்தான் அங்கே பாட்டுப் போட ஒத்துக்கொண்டாள்.

மறுபடி ஓட்டினாள். ஏழு. பிறகு ஓட்டை.

ஆனால் ஓட்டை காலியாக இல்லை. ஒரு கல் உருண்டது. தண்ணீர் சொட்டியது. அடுத்த சுற்றில் கல் இன்னும் பக்கத்தில் உருண்டது. அதற்கடுத்த சுற்றில், இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினாள். வலது காதுப் பஞ்சு நனைந்திருந்தது. பாசி வாடை.

"என்னத்தா, மூஞ்சி வெளுத்துப் போயி கெடக்கு?" மொக்கைச்சாமி டீ கிளாசோடு வந்தார்.

"எட்டாவது அடி நிக்க மாட்டேங்குதுண்ணே."

ஹெட்போனை வாங்கிக் கேட்டவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "இத எங்கன புடிச்ச?"

"குவாரில. அந்தத் தண்டவாளம்."

"அதக் கழட்டிப் பழைய இரும்புக்கு ஏத்துனதே நாந்தான். பத்து வருசமாச்சு." அவர் குரல் இறங்கியது. "அழிச்சிருத்தா. நாலு குத்துப்பாட்டப் போட்டமா, பிரியாணியத் தின்னமா, வந்தமான்னு இரு."

"குத்துப்பாட்டுப் போட நாப்பது பேரு இருக்கான்."

"ஒனக்குப் பயமே இல்லையா?"

"பயந்தாண்ணே. அதுக்காக, அங்கனயே கெடன்னு அப்பாவ விட்டுட்டு வரச் சொல்றீகளா?"

தமிழ்வாணி திரையைப் பார்த்தாள். ஏறாத ஆளுக்காக இன்னொருவர் அடித்த அடி. முதலாளி செய்ததையே தானும் இன்றைக்கு இரண்டு தடவை செய்திருக்கிறாள். திரையில் மட்டும் தெரிந்த, சத்தம் வராத அந்த நகலை அவளே அழித்தாள்.

மண்டபத் தரை முழுக்க முதலாளியின் குவாரிகளில் வெட்டிய கருங்கல். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. முன்வரிசையில் அவர், வெள்ளை வேட்டி, மடியில் மாலை. ஏழு மணிக்கு அவள் அந்த ஏழு அடியை விட்டாள். இளவட்டங்கள் விசிலடித்தார்கள். முதலாளியின் கை மாலையில் அப்படியே நின்றது.

ஏழு. ஓட்டை. ஏழு. ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் யாரோ ஒரு படி ஏறினார்கள்.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"என்னம்மா நின்னுபோச்சு? பாட்டப் போடு!" என்றார் முதலாளி.

அவள் மைக்கை எடுத்தாள். "ஒராளு இன்னும் ஏறல மொதலாளி. கண்ணுச்சாமி. அவரு வர்ற வரைக்கும் நிப்போம்."

மண்டபம் முழுக்கப் பாசி வாடை. அதோடு வேட்டு மருந்து வாடை.

"ஒயரப் புடுங்கிட்டேன் தமிழு! வந்துரு!" மொக்கைச்சாமி கத்தினார். மிக்சரில் விளக்குகள் அணைந்தன. பாக்ஸ்கள் செத்தன.

டங்.

பாக்ஸிலிருந்து இல்லை. தரைக்கு அடியிலிருந்து.

வாசல் பக்கம் கருங்கல்லுக்குள் ஒரு கை தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து அழுத்தியதுபோல, வெளுத்த உள்ளங்கை. "அப்பா" என்றாள்.

டங். இன்னொரு ஆளின் கை.

அன்று விட்டுப்போனது ஒருத்தர்தான். ஒரே ஒருத்தர். அப்படியானால் மற்ற வேட்டுகளில் எத்தனை பேர்?

டங். டங். விரல் இல்லாத கை. வளையல் போட்ட கை. அடிக்கு ஒன்றாக, வாசலிலிருந்து முன்வரிசையை நோக்கி. கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. முதலாளி இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"ஏறி வாங்க" என்றாள் தமிழ்வாணி. இடத்தை விட்டு நகரவில்லை.

டங்.

நாற்காலிக்கு நேர் அடியில் வந்து ஒட்டிய கை மிகவும் சின்னது. ஐந்து வயது இருக்கும்.

அது விரல்களை மடக்கி, கல்லைத் தட்டியது.