மூன்றாவது எண்

வீட்டில் வைஃபை தரும் ரவுட்டருக்கு ஏழு வயது. பட்டாணிக்குப் பத்து வயது. இரண்டு பேரில் ரவுட்டர்தான் கிழவர் என்று அப்பா சொல்வார்.

ஒரு மாதமாக அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பட்டாணி ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும். அப்பா போய் ரவுட்டரின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். கொஞ்ச நேரம் ஓடும். சனிக்கிழமை காலையில் எத்தனை தட்டியும் ஒரு விளக்குகூட எரியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு இணைய இணைப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். தோளில் ஏணி, இடுப்புப் பையில் விதவிதமான திருப்புளிகள். தெருவில் எல்லோரும் அவரை லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தியின் அறையில் மேசைக்கடியில் இருந்த பழைய ரவுட்டரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் புதியதை வைத்து இணைத்தார். அது வெள்ளையாக, நான்கு கொம்புகளோடு இருந்தது. எல்லோருடைய போனிலும் சித்தியின் கம்ப்யூட்டரிலும் புது பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரைச் சுவரில் ஒட்டினார். பிறகு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எல்லாம் நன்றாக வேலை செய்தது. பத்து நிமிடத்துக்கு.

அதன்பிறகு சித்தியின் அறையிலிருந்து, “ஐயையோ” என்று ஒரு சத்தம் வந்தது.

சித்தி, பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்பவர். வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத் துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து படிப்பார். வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள், ஓர் அலமாரி ஒளிச்சேர்க்கையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுத் திகைத்துப்போவார்கள்.

அவர் பதிவு செய்ததெல்லாம் மேசைக்கடியில் இருந்த கருப்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். செங்கல் அளவுதான் இருக்கும். ஒரு ஒயர் அதை ரவுட்டரோடு இணைத்தது. வீட்டில் அதற்கு பேக்கப் பெட்டி என்று பெயர். அமைத்துக் கொடுத்த நண்பர் வேறு நாட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘சேமிப்புப் பெட்டியைக் காணவில்லை.’

பட்டாணி மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள். பெட்டி அங்கேயேதான் இருந்தது. பச்சை விளக்குகூடச் சிமிட்டியது. கண்ணெதிரே இருப்பதைக் காணவில்லை என்றால் என்ன அர்த்தம்?

சித்திக்குக் கைகால் ஓடவில்லை. அறிவியல் புத்தகத்தின் கடைசி மூன்று பாடங்களை மூன்று மணிக்குள் பிள்ளைகளின் ஆசிரியைக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குத் தேர்வு. ஞாயிறு முழுவதும் கேட்டுப் படிக்க அவர்கள் காத்திருக்கிறார்கள்.

“கம்ப்யூட்டர்ல இன்னொரு காப்பி இருக்கும்ல சித்தி?” என்று பட்டாணி கேட்டாள்.

கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டதால், எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்துவிட்டதாகச் சித்தி சொன்னார். அதுதான் பேக்கப்பில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தாராம்.

பட்டாணிக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. “பேக்கப்னா ரெண்டாவதா ஒண்ணு வச்சிருக்கிறதுதானே? அப்ப முதல் ஒண்ணு எங்க?”

சித்தி மேசைக்கடியில் குனிந்து பெட்டியை இன்னொரு முறை பார்த்தார்.

இரண்டு மணிக்கு அப்பா சாப்பிட வந்தார். அப்பாவுக்குக் கடைவீதியில் பூட்டு சாவிக் கடை. சாவி தொலைந்த பீரோ, திறக்காத கதவு, எதுவாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவார். நடந்ததைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“ஒரு பெட்டி. அவ்வளவுதானே?” என்றார்.

அவர் எல்லா ஒயர்களையும் பிடுங்கினார், எல்லாவற்றையும் திரும்பச் சொருகினார். வைஃபை போய்விட்டது. மறுபடி பிடுங்கிச் சொருகினார். வைஃபை வந்தது, பெட்டி வரவில்லை. சிக்னல் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அப்பா சொன்னார். இல்லை, இரண்டு கருவிகளும் ஒத்துப்போகவில்லை என்று சித்தி சொன்னார். இருக்கும், இருக்கும் என்று இருவருமே தலையாட்டிக்கொண்டார்கள்.

பட்டாணிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சிக்னல் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று கேட்டாள். அது ஒரு மாதிரி நெரிசல் என்றார் அப்பா. எதனுடைய நெரிசல் என்று கேட்டதற்கு, சிக்னலுடைய நெரிசல் என்றார். தனக்கு மட்டும்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் பேசாமல் இருந்தாள்.

மணி இரண்டேகால். சித்தி அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். மூன்று பாடங்களையும் முதலிலிருந்து படிக்கப் போவதாகச் சொன்னார். அவற்றைப் படித்து முடிக்க முதல்முறை நான்கு நாள் ஆனது அவருக்கே தெரியும். பட்டாணி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குள் அப்பா பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளையைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருந்தது. துளையைப் பார்த்தால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்தார்.

“அப்பா, அதைக் குத்தினா என்ன ஆகும்?”

“எல்லாம் முதல்ல இருந்த மாதிரி ஆயிடும்.”

“முதல்லன்னா எப்போ? காலையில இருந்த மாதிரியா, கடையில வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியா?”

கம்பி துளையின் வாசலிலேயே நின்றது. அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி அப்பாவைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தான்,” என்றார் சித்தி.

பட்டாணிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. புரியாதது அவளுக்கு மட்டும் இல்லை. அந்த அறையில் யாருக்குமே ஒன்றும் புரியவில்லை. ஏனோ அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

“அப்ப குத்த வேண்டாம்பா,” என்றாள். “கொஞ்சம் இருங்க. நான் அங்க என்னென்ன இருக்குன்னு பார்த்து எழுதிட்டு வரேன்.”

ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்து போனாள். கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே எழுதினாள். பேக்கப் பெட்டியின் அடியில், அதை அமைத்துக் கொடுத்த நண்பரின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 192.168.1.20. தரையில் கிடந்த பழைய ரவுட்டரைத் துடைத்தாள். அதன் அடியிலும் எண்கள்: 192.168.1.1. புதிய ரவுட்டரைத் தூக்கிப் பார்த்தாள்: 192.168.0.1.

மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, தும்மிக்கொண்டே வெளியே வந்தாள்.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு படங்களுக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிப்பதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. முதல் எண் 192, எல்லாவற்றிலும் அதேதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எண் பழைய ரவுட்டரில் ஒன்று, பெட்டியிலும் ஒன்று. புதியதில் மட்டும் பூஜ்யம்.

சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள். லைன் அக்கா எங்கோ மொட்டை மாடியில் இருந்தார் போலிருக்கிறது, காற்று இரைந்தது. நெட் வரவில்லையா என்று அலுப்போடு கேட்டார்.

“நெட் வருதுக்கா. பேக்கப் பெட்டிதான் வரல. ஏன்னு எங்களுக்குப் புரியல. ஆனா ஒண்ணு பார்த்தோம். பழைய ரவுட்டர்லயும் பெட்டியிலயும் மூணாவது எண் ஒண்ணு. புதுசுல பூஜ்யம். அது ஏதாவது தப்பா?”

மறுமுனையில் ஏணியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அடி சக்கை. இதை யாரு பார்த்தது?” என்றார் லைன் அக்கா.

அப்புறம் அவர் நிதானமாக விளக்கினார். அந்த எண்கள் விலாசம் மாதிரியாம். மூன்றாவது எண் தெருவின் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் புது ரவுட்டரோடு பூஜ்யம் தெருவுக்குக் குடிவந்துவிட்டார்கள். பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது இன்னும் ஒன்றாம் தெருவிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

“அப்ப எல்லாரையும் மறுபடி ஒண்ணாம் தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா?”

“அதேதான் செய்யப் போறோம். அப்பா போனை எடு, நான் சொல்லச் சொல்ல அமுக்கு.”

எந்தப் பக்கத்தைத் திறப்பது, எங்கே பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்று போடுவது என்று லைன் அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டாணி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டே அமுக்கினாள். நடுவில், பெட்டியில் ஒயரெல்லாம் இடம் மாறியிருக்கிறதா, யாராவது நோண்டினார்களா என்று கேட்டார் லைன் அக்கா.

அப்பா கூரையைப் பார்த்தார்.

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம்கா,” என்றாள் பட்டாணி.

ரீசெட் துளையைக் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டாணி கேட்டாள். அதைத் தொடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று, சில பெட்டிகளில் அது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும் என்றும் லைன் அக்கா சொன்னார். அப்பா கம்பியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டார்.

புது ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சித்தியின் கம்ப்யூட்டர் யோசித்தது, இன்னும் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் மஞ்சள் நிறக் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. அறிவியல், பாடம் பத்து. பாடம் பதினொன்று. பாடம் பன்னிரண்டு.

சித்தி அதில் ஒன்றைத் தட்டினார். “தாவரங்கள் எப்படிச் சுவாசிக்கின்றன,” என்று அவருடைய குரலே அறையில் கேட்டது. சித்தி பட்டாணியின் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தார். அதிலிருந்த ஒட்டடையையும் சேர்த்துத்தான்.

மூன்று பாடங்களும் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆசிரியை பதில் அனுப்பினார். சித்தி உடனே கடைக்குப் போய் உள்ளங்கை அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து, எல்லாவற்றுக்கும் இன்னொரு காப்பி எடுக்க உட்கார்ந்தார்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தார். அப்பா ஒரு கதை சொன்னார், சித்தி வேறொரு கதை சொன்னார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமே புரியல,” என்றார் கடைசியில்.

“பரவாயில்லம்மா,” என்று பட்டாணி டார்ச்சை எடுத்தாள். “தலை இடிக்காம குனிஞ்சு வாங்க.”

மேசைக்கடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெட்டியின் எண்ணில் கடைசியில் இருக்கும் இருபது எதற்கு என்று அம்மா கேட்பதும், அது தனக்கும் தெரியாது, நாளைக்கு லைன் அக்காவிடம் கேட்க வேண்டும் என்று பட்டாணி சொல்வதும் உள்ளேயிருந்து கேட்டன.

அப்பா கொஞ்ச நேரம் வெளியே நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, “எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.