டச்சுக்காரன் சரிவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி

வெறுங்கண்ணுக்கு டச்சுக்காரன் சரிவில் யாரும் இல்லை. எட்டு மடங்கு பைனாகுலரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஆர்டிஸ் அதைக் கண்ணிலிருந்து இறக்கினாள். வெண்டலின் வேட்டைச் சாமான் கடைக்குப் பின்பக்கம், லாரிகள் வந்து திரும்பும் சரளைத் திடலில் அவள் நின்றிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். சேஜ் புதர்களின் கசப்பு வாசனையும், யார் வீட்டிலோ எரிகிற பைன் விறகின் புகையும், கடையின் பின்கதவு வழியாகக் கசிந்த துப்பாக்கி எண்ணெயின் நெடியும் குளிர்காற்றில் கலந்து வந்துகொண்டிருக்க, எங்கோ ஒரு தகரக் கூரை காற்றுக்கு விட்டுவிட்டு அடித்துக்கொண்டது. ஒரு மரம்கூட இல்லாத வயோமிங் வெளி கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. அதன் கிழக்குக் கோடியில் டச்சுக்காரன் சரிவு மட்டும் கடைசி வெயிலை வாங்கிக்கொண்டு செம்மண் நிறத்தில் நின்றது.

"எப்படி இருக்கு?" என்றான் வெண்டல். கழுத்தில் இன்னும் இரண்டு பைனாகுலர்களை மாலை மாதிரி போட்டிருந்தான்.

"நல்லா இருக்கு."

"இதைக் கடைக்குள்ளயே சொல்லியிருக்கலாமே. ட்யூப் லைட்டுக்குக் கீழ எல்லாக் கண்ணாடியும் ராஜாதான் ஆர்டிஸ். வெளிச்சம் சாகிற நேரத்துல மானோட காது தெரியுதா, இல்ல எல்லாம் புதராத் தெரியுதா, அதுதான் விஷயம். அதுக்காகத்தான் உன்னை வெளிய கூட்டிட்டு வந்து நானும் குளிர்ல விறைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வெண்டல் அவள் கணவன் லைலுக்குச் சித்தப்பா மகன். முன்பெல்லாம் அவன் பேச்சில் பாதி ஊர்வம்பாக இருக்கும். லைல் போனபிறகு அவளிடம் வியாபாரம் மட்டும்தான் பேசினான், அதுவும் மூச்சு விடாமல். வாயை மூடினால் என்ன வந்துவிடுமோ என்ற பயம் பாவம் அவனுக்கு.

"அந்தச் சரிவுல யாராவது இருக்காங்களா பாரு" என்று பைனாகுலரை நீட்டினாள்.

வெண்டல் ஆற அமரப் பார்த்தான். "புதர் இருக்கு. ரெண்டு பெட்டை மான் மேயுது. வேற ஒண்ணையும் காணோம். ஏன், உன் கிடா மானை எவனாவது அடிச்சுட்டுப் போயிடுவான்னு பயமா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. அவள் மானுக்காகப் பைனாகுலர் வாங்க வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். போன இலையுதிர் காலத்தில் அந்தச் சரிவில்தான் லைல் காணாமல் போனான். நாய்களைக் கொண்டுவந்து தேடினார்கள், குதிரையில் போய்த் தேடினார்கள், விமானத்தில் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. ஒரு முயல் ஓடினால் மூன்று மைல் தள்ளித் தெரிகிற பொட்டல் வெளியில் ஆறடி ஆள் எங்கே போவான்? வரும் சனிக்கிழமை காலிச் சவப்பெட்டியை வைத்துச் சர்ச்சில் காரியத்தை முடித்துவிடலாம் என்று லைலின் அக்கா நாள் குறித்துவிட்டாள். பனி விழுவதற்குள் அவனைக் கண்டுபிடித்தாக வேண்டும், எலும்பாக இருந்தாலும் சரி, வெறும் பெட்டிக்கு முன்னால் நின்று என்னால் அழ முடியாது என்பதுதான் ஆர்டிஸுக்கு மிஞ்சியிருந்த ஒரே எண்ணம்.

"பத்து மடங்கைக் குடு."

"பத்துதான் நம்ம ஊருக்குச் சரி" என்று வெண்டல் கழுத்திலிருந்து ஒன்றைக் கழற்றினான். "ஆனா கை நடுங்கினா மானும் நடுங்கும். முழங்கையை விலாவுல ஊனிக்கோ."

"தெரியும்."

முழங்கைகளை விலாவில் அழுத்திக்கொண்டு பார்த்தாள். ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை. வேட்டைக்குப் போகிற எல்லோரும் போடுவதுதான். ஆனால் குதிகால்களை ஒட்டவைத்து, முழங்காலில் இரண்டு கைகளையும் கவிழ்த்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்காருகிறவன் இந்த ஜில்லாவில் ஒருத்தன்தான். முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. தோள்களில் வெள்ளையாகப் பனி கனத்துக் கிடந்தது. இந்த வருஷம் அந்தச் சரிவில் இன்னும் பனியே விழவில்லை.

முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். நெஞ்சு வலிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம். அப்புறம்தான் முதுகுத்தண்டில் குளிர் ஏறியது.

ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அந்த ஊரில் ஜோடியாக வேட்டைக்குப் போனால் ஒருவர் மேட்டில் பைனாகுலரோடு உட்கார வேண்டும், இன்னொருவர் பள்ளத்தில் நடக்க வேண்டும். நடக்கிறவருக்கு மேடுபள்ளம் மறைத்து மான் தெரியாது. அடிக்கொரு தரம் திரும்பி மேட்டைப் பார்ப்பார். மேட்டில் இருப்பவர் வலது கையை நீட்டினால் வலது, இடது கையை நீட்டினால் இடது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தால், அசையாதே, மான் உன்னைப் பார்க்கிறது. மறுபடி தொப்பி தலைக்கு ஏறும்வரை, எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து லைல் அவள் சைகையை ஒருமுறைகூட மீறியதில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற மனுஷன், மலையில் மட்டும் அவள் சொன்னதைக் கேட்பான்.

அவன் காணாமல் போன அன்றைக்கு ஒரு பெரிய கிடா தலையைத் தூக்கியது. அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தாள். கீழே லைல் அப்படியே உட்கார்ந்தான். அந்த நிமிஷத்தில்தான் பனிச்சூறை வந்து சரிவையே மூடியது. காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. சூறை ஓய்ந்தபோது கீழே யாரும் இல்லை. வெறுந்தலையோடு கத்திக்கொண்டே இறங்கி ஓடினாள்.

வெறுந்தலையோடு. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அவன் பார்க்கத் தொப்பி மறுபடி தலைக்கு ஏறவே இல்லை.

"வெண்டல், உன் தொப்பியைக் கொஞ்சம் குடேன்."

"காது விறைக்குதா? என் வழுக்கையை ஊரே பார்க்கணும்னு நினைக்கிற, சரி." கழற்றிக் கொடுத்தான்.

தொப்பியைத் தலையில் அழுத்திப் போட்டுக்கொண்டு, இரண்டடி முன்னால் போய், சரிவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். பிறகு பைனாகுலரைத் தூக்கினாள்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"பதினஞ்சைக் குடு."

"அது கையில நிக்காதும்மா, ஸ்டாண்டு வேணும். இன்னொண்ணு, அதுல பார்க்கிற இடம் குறுகிப்போகும். மான் மூக்கு மேல உட்கார்ந்த ஈ தெரியும், மானுக்குப் பக்கத்துல ஆள் நின்னா தெரியாது." சொல்லிக்கொண்டே மூன்று கால் ஸ்டாண்டைச் சரளையில் ஊன்றி, பெரிய பைனாகுலரை அதன் தலையில் பூட்டினான். உள்ளே போன் அடித்தது. "அக்காவாத்தான் இருக்கும், பெட்டிக்குப் பூ என்ன நிறம்னு கேட்பா. நான் வேணும்னா..." என்று இழுத்தான். அவள் பைனாகுலர் பக்கம் திரும்பிவிட, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

ஆர்டிஸ் குனிந்து கண்ணை வைத்தாள். நடுவிலிருந்த சக்கரத்தைத் திருகினாள். கலங்கியிருந்தது தெளிந்தது.

லைல்தான். தோல் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி எலும்போடு ஒட்டியிருந்தது. உதடு இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. அண்டங்காக்கைகள் முதலில் அதைத்தான் எடுக்கும்; வேட்டைக்காரி அவளுக்குத் தெரியாதா.

அவளுக்குக் கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது. கண்ணில்லாதவன் தொப்பியை எப்படிப் பார்ப்பான்? அவள் தொப்பி போட்டாளா போடவில்லையா என்று தெரியாமல், அவள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு குளிர்காலம், ஒரு கோடைகாலம், அப்படியே. சொன்ன சொல் தட்டாமல்.

"லைல்" என்றாள். பக்கத்தில் படுத்திருக்கிறவனை எழுப்புகிற குரலில்தான்.

நடுவில் இரண்டு மூன்று மைல் வெளி கிடந்தது.

அவன் தலையை நிமிர்த்தினான்.

தகரக் கூரையின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போதும்ப்பா. எந்திரி. வா."

எழுந்தான். தோளிலிருந்து பனி கட்டியாகச் சரிந்தது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தான். இன்னோரடி. இடப்பக்கம் விலகினான்.

"வலது" என்றாள். "இன்னும் கொஞ்சம் வலது. அப்படித்தான்."

முகத்தை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தாள். சரிவு காலி. வெளி காலி. மறுபடி குனிந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான்.

சக்கரத்தைத் திருகினாள். நெடுஞ்சாலை வேலி. அவன் முள்கம்பியில் இடித்துக்கொண்டு நின்றான். "கீழ குனி" என்றாள். குனிந்தான். திருகினாள். கம்பியில் மாட்டி ஒரு துண்டு தங்கிவிட்டது. துணியில்லை. அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"நேரா. நேரா வா."

திருகினாள். ஆரஞ்சு. வெறும் ஆரஞ்சு. சக்கரம் கடைசிவரை போய் முட்டிக்கொண்டது. இதற்குமேல் கிட்டத்தில் இருப்பது தெளிவாகாது.

நாற்றம் எதுவும் இல்லை. பழைய பனியின் வாசனை மட்டும்.

"ஆர்டிஸ்." பின்கதவிலிருந்து வெண்டல். "யார்கிட்ட பேசிட்டு இருக்க?"

அவள் திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் முன்னால் ஒன்றும் இருக்காது, சரளை மட்டும்தான். அது அவளுக்குத் தெரியும். எடுத்துவிடலாம். வீட்டுக்குப் போய்விடலாம். சனிக்கிழமை சர்ச்சுக்குப் போகலாம். இவன் இருட்டில், இவ்வளவு கிட்டத்தில் வந்தும், அவள் எங்கே என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டே நிற்பான்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள்.

ஆரஞ்சை மறைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ வந்தது. முன்பக்கக் கண்ணாடியின் விளிம்பைத் தடவியது. ஒரு விரல். பிறகு நான்கு. ஸ்டாண்டு லேசாக ஆடியது.

"ஆர்டிஸ், அந்த ஸ்டாண்டு ஏன் ஆடுது?" வெண்டலின் குரல் உடைந்தது.

விரல்கள் பைனாகுலர் குழாயோடு ஊர்ந்தன. மெதுவாக. தடவித்தடவி. குழாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. அவள் கன்னத்தைத் தொட்டன. கன்னம் ஈரமாக இருந்தது. அங்கே ஒரு நொடி நின்றன.

பிறகு மேலே ஏறி அவள் இமையைத் தொட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று நகத்தால் மெல்லப் பார்த்தன. ஆர்டிஸ் கண்ணை மூடவில்லை.