செம்மண்ணைப் புடைத்தவள்

ஜீப் அதற்கு மேல் போகாது. சக்கரத்தடம் முட்புதருக்குள் போய் முடிந்துவிட்டது. எதிரே மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் காடு அடிவானம் வரைக்கும் விரிந்து கிடந்தது. கதவைத் திறந்து இறங்கிய தமயந்தி, இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டாள். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள் அவள். சத்தமே இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. காக்காய் இல்லை, ஹாரன் இல்லை, மனிதக் குரல் இல்லை. அம்மாடி, பூமி இவ்வளவு பெரிசா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"வாயில ஈ போவப்போவுது. வந்து சாமானை இறக்கு" என்றாள் நாத்தனார் கற்பகம்.

வந்திருந்தது மூன்றே பேர். தமயந்தி, அவள் கணவன் ஜெயசீலன், அவனுடைய அக்கா கற்பகம். பெர்த் நகரத்தில் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். தேடி வந்தது தங்கம்தான், ஆனால் விற்பதற்கில்லை. வீட்டில் மாமனார் முனிரத்தினம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். கோலார் தங்கவயலில் ஆயுசையெல்லாம் பூமிக்கடியில் கழித்த மனிதர். பாறைத்தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், வாசலில் நிற்கும் சீருடைக்காரர்கள், தங்கம் ஒளித்திருக்கிறாயா, கையைத் திற, வாயைத் திற என்று தினமும் சோதனை போடுவார்களாம். ஒரு நாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் போகிற போக்கில் சொன்னார்: "மலை மலையா தோண்டிக் குடுத்தேன். ஒரு பொட்டுத் தங்கத்தைக் கையில வச்சுப் பாத்ததில்ல."

ஜெயசீலன் அன்றைக்கே கடைக்கு ஓடி ஒரு தங்கக்காசு வாங்கிவந்து நீட்டினான். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கடைத் தங்கம்டா, நான் சொன்னது மண்ணுக்குள்ள கிடக்கிறதை என்று ஓரமாக வைத்துவிட்டார். டாக்டரைக் கேட்டால், கோடை தாண்டுவது சந்தேகம் என்று இழுத்தார். கோடை பிறந்துவிட்டாலோ இந்தக் காட்டுப்பக்கம் யாரும் கால் வைக்க முடியாது. அதனால்தான் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, அரசாங்க அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பிவிட்டார்கள். இந்த முறை கிடைக்காவிட்டால் அவருக்குக் கிடைக்கவே போவதில்லை.

தங்கம் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட காய்ந்த ஓடை குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடந்துதான் போகவேண்டும். கற்பகம் ஒரு தார்ப்பாயை விரித்து, தம்பி கொண்டுவந்த மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினாள். மடக்கு நாற்காலி, மூன்று தினுசு சல்லடை, கூடாரம், அடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பிரியாணி கிண்டும் பெரிய தேக்சா.

"இன்னாடா இது? யார் வீட்டுக் கல்யாணம்?"

காட்டோர ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்த்தவள் கற்பகம். வெயிலில் வழிதவறி வந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் பார்த்தவள். அவள் முதலில் எடுத்துவைத்தது தண்ணீர் கேன்கள். அடுத்து, ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பும் சின்னப் பெட்டி. பிறகு தொப்பி, மருந்துப் பை. அதற்கப்புறம்தான் மெட்டல் டிடெக்டர், அதன் ஹெட்போன், தலையில் காந்தம் ஒட்டிய குட்டிப் பிக்காசு, மண்ணை அள்ள ஒரு பிளாஸ்டிக் கரண்டி. டிடெக்டர் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. அதன் பாட்டரியே செங்கல் கனம். இரண்டாவது பாட்டரியா, இன்னொரு கேன் தண்ணீரா என்று வந்தபோது, கற்பகம் யோசிக்கவே இல்லை, தண்ணீரை எடுத்தாள். ஜெயசீலன் முகம் தொங்கிப்போயிற்று.

உடம்பில் இரும்பு, பித்தளை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் மெஷின் அதைப் பார்த்தே கத்தும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். ஜெயசீலன் பெல்ட்டைக் கழற்றினான், இரும்பு வைத்த பூட்ஸை மாற்றி கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டான். தமயந்தி வளையலையும் ஊக்குகளையும் கழற்றிவைத்தாள். அவள் சாப்பிட வைத்திருந்த எவர்சில்வர் தட்டைக் கற்பகம் தூக்கி ஜீப்புக்குள் எறிந்தாள். ரொட்டியைக் கையில் வைத்துத் தின்ன மாட்டாளாம் மகாராணி! அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தமயந்தி தட்டை எடுத்து, கணவன் பையில் ரொட்டிக்கு அடியில் செருகிவிட்டாள்.

குன்றைத் தாண்டியதும் மூவருமே நின்றுவிட்டார்கள். கீழே ஓடை செக்கச்செவேலென்று வளைந்து போயிற்று. அதன் கரையில் வெள்ளைக் கற்கள் சிதறி வெயிலில் மின்னின. பால் நிறத்தில் மரங்கள் நின்றன. இரண்டு கங்காருகள் தலையைத் தூக்கி, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் குனிந்து மேய்ந்தன. மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த மண் இப்படியே கிடக்கிறது என்று தோன்றவும் தமயந்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஜெயசீலன் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு டிடெக்டரை வீசி வீசி நடந்தான். ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு தோட்டாக் கூடு. அவ்வளவுதான். கை ஓய்ந்துபோய் மனைவியிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு நாலு அடி வைத்திருப்பாள், மெஷின் பாட ஆரம்பித்துவிட்டது!

தோண்டினார்கள். ஒன்றுமில்லை. தள்ளிப்போனாள், அங்கேயும் பாடியது. தோண்டினார்கள். கணவன் வாங்கி வீசிப் பார்த்தான், கப்சிப். அவள் கைக்கு வந்ததும் மறுபடி பாட்டு. ஜெயசீலனுக்குச் சந்தேகமே இல்லை, இது ராசிக்கை. அவள் கைக்குத்தான் பூமி வழிவிடுகிறது, தங்கம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது என்றான். இங்கிலீஷ் வைத்தியமெல்லாம் கரைத்துக் குடித்த கற்பகமும் அதை நம்பினாளே, அதைத்தான் சொல்லவேண்டும். ஓடைக்கரை முழுக்கக் குழியாயிற்று. ஜெயசீலன் கையில் கொப்புளம். வெயில் சாயும்போது பாட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தது.

தமயந்தி ஷூவில் புகுந்த மண்ணைக் கொட்ட உட்கார்ந்தாள். டிடெக்டர் பக்கத்தில் கிடந்தது. காலை நீட்டினாள், ஹெட்போனில் கீச்சென்று சத்தம். மடக்கினாள், சத்தம் நின்றது. மறுபடி நீட்டினாள். கீச்.

ஷூவை உருவிப் பார்த்தாள். இரண்டு கால் விரலிலும் மெட்டி. கல்யாணத்தன்று போட்டது. உடம்போடு ஒட்டிப்போனதால் நகை என்றே நினைவில்லை. ஒரு நாள் முழுக்கத் தன் கால் விரலைத்தான் தோண்டித் தேடியிருக்கிறார்கள்! மாமா படுத்திருக்கிற கட்டில் கண்முன் வந்தது. அவர் ஆசையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே காலை நீட்டிக் காட்டினாள்.

ஜெயசீலன் குழிகளை ஒரு தரம் பார்த்தான், அவள் காலை ஒரு தரம் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கழட்டு தாயி. நான் இங்கதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறேன், எனக்கு ஒண்ணும் ஆவாது."

கழற்றி அவன் கையில் கொடுத்தாள். தண்ணீர் கேனை ஆட்டிப் பார்த்த கற்பகம், அதோ அந்த வெள்ளைப் பாறை வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு அடி கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே ஜீப்புக்குப் போயாகவேண்டும் என்றாள்.

தமயந்தி நடந்தாள். ஹெட்போனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. இடமும் வலமும் வீசிக்கொண்டே போனாள். வெள்ளைப் பாறையின் அடிக்குப் போனபோது, தூரத்தில் யாரோ முனகுவதுபோல மெல்லிய ஒலி வந்தது. பழக்கதோஷத்தில் காலைப் பார்த்தாள். மெட்டி இல்லை. இன்னொரு முறை வீசினாள். அதே இடம், அதே முனகல்.

"என்னங்க," என்றாள். "இது நான் இல்ல."

ஜெயசீலன் பாய்ந்து வந்து வெட்டினான். பிக்காசுக் காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. அப்படியானால் இரும்பு இல்லை! வெட்ட வெட்ட முனகல் பலத்தது. முழங்கை ஆழம் போனதும் முனகல் குழியை விட்டு, வெளியே அள்ளிப்போட்ட மண்ணுக்கு மாறியது, அதோடு பாட்டரி செத்தது. குழிக்கு வெளியே செம்மண் குவியல், அதற்குள் நூறு கூழாங்கல், எல்லாவற்றுக்கும் ஒரே செம்மண் பூச்சு. இதில் எது என்று எப்படித் தெரியும்? கழுவிப் பார்க்கத் தண்ணீர் கேட்டான் ஜெயசீலன். குடிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டுத் தரமாட்டேன் என்று கற்பகம் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

சாயங்காலக் காற்று எழும்பியது. தமயந்தி கற்பகத்தின் தோளில் தொங்கிய கணவன் பைக்குள் கையை விட்டு, ரொட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தட்டை உருவினாள். நாத்தனார் முறைத்ததை அவள் கவனிக்கவில்லை. தட்டில் மண்ணை அள்ளிப்போட்டு, காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று, அரிசி புடைக்கிற மாதிரி புடைக்க ஆரம்பித்தாள். செம்புழுதி புகையாகப் பறந்தது. லேசான கல் விளிம்புக்கு வந்து விழுந்தது. மறுபடி அள்ளினாள், மறுபடி புடைத்தாள். வீட்டில் தினமும் அரிசிக்குள் கல்லைப் பொறுக்குகிறவள், இப்போது கல்லுக்குள் எதையோ தேடினாள். நாலாவதோ ஐந்தாவதோ தட்டில், ஒரு கல் மட்டும் எவ்வளவு தூக்கிப்போட்டும் எழும்பவில்லை. தட்டின் அடியிலேயே சண்டிமாடு மாதிரி படுத்துக்கொண்டது. எடுத்தாள். கட்டைவிரல் நுனி அளவுதான், ஆனால் என்ன கனம்! முந்தானையால் துடைத்தாள்.

மஞ்சள்.

சாயும் சூரியன் அதன்மேல் பட்டது. மூன்று பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். கங்காருகள்கூடப் பயப்படாமல் நின்றன. எத்தனை கோடி வருஷம் இருட்டில் கிடந்ததோ, முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்க்கிறது என்று தமயந்தி நினைத்தாள். கற்பகம் தண்ணீர் கேனைத் திறந்து, ஒரே ஒரு மூடி தண்ணீரை அதன்மேல் தானாகவே ஊற்றினாள்.

பெர்த்துக்குத் திரும்பியதும் நேரே மாமாவின் கட்டிலுக்குத்தான் போனார்கள். தமயந்தி அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். முனிரத்தினம் அதைத் தடவினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். மண் வாசனை போகவில்லை. கண்ணிலிருந்து நீர் காதோரமாக ஓடியது. ஜெயசீலன் மெட்டிக் கதையையும் தட்டுக் கதையையும் சொல்லவும் இருமி இருமிச் சிரித்தார். எல்லாம் வாங்கிப்போனீங்க, கடைசியில தட்டுதான் வேலை செஞ்சுதா என்று கேட்டார். கற்பகம் அன்றிலிருந்து யார் பையில் எதைப் பார்த்தாலும் தூக்கி எறிவதற்குமுன் ஒரு வார்த்தை கேட்கப் பழகிக்கொண்டாள்.

அவர் சிரித்து ஓய்வதற்குள் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிற ஆள் சீருடையோடு உள்ளே வந்தான். கிழவர் அவனைப் பார்த்தார். சட்டென்று மூடியிருந்த கையை முன்னால் நீட்டி விரித்தார். இன்னொரு கையையும் விரித்துக் காட்டினார். வாயையும் திறந்தார்.

வந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தமயந்தி கட்டிலில் உட்கார்ந்து, தங்கம் இருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"யாருக்கும் காட்ட வேணாம் மாமா. இது உங்களுது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடின கையை மார்போடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.